வெற்றுக் கான்கிரீட்டில் துறவு மடம்: நம்ம ஊர்க் கடற்கரைக்குச் சரிப்படுமா?

வரைபலகை

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஆர்க்கிடெக்சர் கடைசி வருடம் படிக்கிறேன். தீசிஸுக்குக் கன்னியர் மடம் ஒன்றை எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வெளியே போய் வேலை செய்கிற சிஸ்டர்களுடையது இல்லை, உள்ளேயே இருந்து செபம், மௌனம், தோட்டம், கைவேலை என்று வாழ்கிற கார்மேல் மடம் போன்ற ஒன்று. இருபது பேருக்கு அறைகள், ஒரு கோயில், உணவறை, நூலகம், விருந்தினருக்குச் சில அறைகள். இடம் கோவளத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே, மணலும் சவுக்குத் தோப்புமாக இருக்கிற பக்கம்.

முதல் வருடத்திலிருந்தே எனக்கு லா துரெத் மேல் பெரிய பிடிப்பு. பிரான்ஸில் லியோன் நகரத்துக்குப் பக்கத்தில், தொமினிக் சபைத் துறவிகளுக்காகக் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே கட்டிக்கொடுத்த மடம், 1960இல் முடிந்தது, பூச்சு இல்லாத கான்கிரீட். அதை மனதில் வைத்துத்தான் என் மடத்தையும் வரைந்தேன். ரிவ்யூவுக்கு வந்தவர்கள் ஜெயில் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர், இதில் சாமி எங்கே இருக்கிறார் என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், அதனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

அலங்காரம் ஒன்றுமே இல்லாத கட்டடம் துறவிகளுக்கு உதவுகிறதா, இல்லை அது எங்களைப் போன்ற கட்டடக்கலைக்காரர்களின் ஆசை மட்டும்தானா? நம்ம வெயிலிலும் உப்புக்காற்றிலும் இப்படிக் கட்ட முடியுமா? சென்னையிலிருந்து போய்வரும் தூரத்தில் நேரில் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடவீதி

லா துரெத்தில் தங்கியிருக்கிறேன், அதனால் அந்த ஜெயில் விஷயத்துக்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன். லியோனிலிருந்து ரயிலில் லார்ப்ரெல் என்கிற சின்ன ஊரில் இறங்கி மேடு ஏறி நடந்தால் மரங்களுக்கு நடுவே திடீரென்று தெரியும். முதல் பார்வையில் எனக்கும் உவப்பாக இல்லை என்பது நிஜம். சாம்பல் நிறம், மழைத் தண்ணீர் வழிந்த கறை, மேலே இரண்டு வரிசை பால்கனிகள். சரிவில் அடித்தளத்தை வெட்டிச் சமன் செய்யவே இல்லை. லெ கொர்பூசியே முதலில் மேலே கூரைக்கோட்டைப் படுக்கையாக இழுத்துவிட்டு, அங்கிருந்து கீழே இறங்கி வந்து, மண் எங்கே கிடைக்கிறதோ அங்கே காலை ஊன்றியிருக்கிறார். அதனால் ஒரு பக்கம் தூண்கள் குட்டை, இன்னொரு பக்கம் நெட்டை.

உள்ளே போனதும் வேறு மாதிரி ஆகிவிடும். அறையின் அகலம் 1.83 மீட்டர்தான், இரண்டு கையையும் விரித்தால் சுவருக்குச் சுவர் கிட்டத்தட்ட எட்டிவிடும். உயரம் 2.26 மீட்டர், கையைத் தூக்கினால் கூரை. வாசலருகில் கைகழுவும் தொட்டி, ஒரு அலமாரி, கட்டில், ஜன்னலோரம் மேசை, அதற்கப்பால் ஒரு பால்கனி. சுவர் முழுக்கச் சிமென்ட்டைத் தெளித்துவிட்ட சொரசொரப்பு, சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் குத்தும். இவ்வளவும் சொன்னால் யாருக்கும் ஜெயில்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தக் கதவு உள்ளிருந்து திறக்கிற கதவு, பால்கனியில் நின்றால் எதிரே முழுப் பள்ளத்தாக்கும் உங்களுக்கே. சின்ன அறையும் பெரிய வெளியும் சேர்ந்து வருவதுதான் விஷயம், அறையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியை விட்டுவிட்டால் ரிவ்யூவில் சொன்னது சரியாகிவிடும். உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு அறைக்கும் அதற்கே உரிய வெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் அந்த நடைகள். ஜன்னல் சட்டத்துக்குப் பதிலாக ஒல்லியான கான்கிரீட் பட்டைகள் நின்றுகொண்டிருக்கும், நடுவில் கண்ணாடி. பட்டைகளுக்கு இடையிலான தூரம் சீராக இருக்காது, ஓரிடத்தில் நெருக்கம், போகப்போக விலகல், மறுபடி நெருக்கம். இதைக் கணக்கிட்டவர் யானிஸ் செனாக்கிஸ், அப்போது லெ கொர்பூசியே அலுவலகத்தில் பொறியாளர், பின்னால் உலகம் அறிந்த இசையமைப்பாளர் ஆனார். மாலை வெயிலில் அந்த நடையில் நடந்தால் தரையில் நிழல்கள் மிருதங்கத்தில் நடை மாறுகிற மாதிரி மாறிக்கொண்டே வரும், காலும் தானாக நிதானப்படும். ஒரு பூ வேலைப்பாடு கிடையாது, ஒரு சிலை கிடையாது, ஆனால் யாரோ உங்கள் நடையை நினைத்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும்.

கோயில் உயரமான ஒரு வெற்றுப் பெட்டி. துறவிகள் உட்காருகிற இருக்கைகளுக்குப் பின்னால் சுவரில் படுக்கையாகக் கீறல் கீறலாகத் திறப்புகள், அந்தத் திறப்பின் உள்பக்கங்களுக்கு மட்டும் வண்ணம் அடித்திருக்கிறார்கள். நிறம் கண்ணுக்கு நேராகத் தெரியாது, அதில் பட்டுவருகிற வெளிச்சம்தான் கான்கிரீட்டின் மேல் விழும். பக்கத்துச் சிற்றாலயத்தில் கூரையைத் துளைத்துக்கொண்டு மூன்று பெரிய குழாய்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில், அவற்றுக்கு ஒளிப் பீரங்கி என்றே பெயர். சாமி எங்கே என்று கேட்டவரை அங்கே கூட்டிப்போய் விடிகாலையில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

லூர்து_பெரம்பூர்

நான் கட்டடத் துறை ஆள் கிடையாது, பங்குக் கோயிலில் பாடகர் குழுவில் இருக்கிறேன். மேலே எழுதியதை ரசித்துப் படித்தேன், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நம்ம ஜனங்கள் கோயிலுக்கு வந்தால் சுரூபத்தைத் தொட்டுக் கும்பிட வேண்டும், மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், மாதாவுக்குப் புடவை சாத்த வேண்டும். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்களுடைய பக்தி அது. நிழல் வந்து சுவரில் விழுகிறது என்று சொன்னால் என் அம்மாவுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழ்மையைத் துறவி தனக்காகத் தேர்ந்தெடுப்பது வேறு, ஆர்க்கிடெக்ட் அவருக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது வேறு. முதுகில் குத்துகிற சுவரோடு காலம் முழுக்க வாழப்போவது அந்த சிஸ்டர்கள், வரைந்தவர் இல்லை. தங்கச்சி, நீங்கள் எந்தக் கன்னியர் மடத்திலாவது போய்ப் பேசினீர்களா? பேசியிருந்தால் அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை எழுதியிருப்பீர்களே.

தாழ்வாரம்

லூர்து அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. குருவாகப் படிக்கிற குருமடத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான், அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

லா துரெத்தை அப்படிக் கட்டச் சொன்னதே சபைதான். மரி-அலேன் குத்தூரியே என்கிற தொமினிக் சபைக் குரு, அவரே கண்ணாடி ஓவியரும்கூட, நல்ல கலைஞன் விசுவாசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கோயில் கட்டத் திறமையுள்ளவனைக் கூப்பிடுவோம் என்று பிடிவாதமாக நின்றவர். 1953இல் லெ கொர்பூசியேயிடம் இந்த வேலை வந்தபோது, போய் லெ தொரொனே மடத்தைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்ததும் அவர்தான். அது 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள் கட்டியது, வெறும் கல், சிலை கிடையாது, ஓவியம் கிடையாது. ஆக வெறுமை என்பது நவீனக் கட்டடக்கலை கொண்டுவந்து திணித்தது இல்லை, துறவு மரபுக்குள்ளேயே எண்ணூறு வருடமாக இருக்கிற ஒரு கிளை அது. குத்தூரியே கட்டடத்தைப் பார்க்காமலே 1954இல் இறந்துபோனார். நெதர்லாந்தில் வால்ஸ் என்கிற ஊரில் இருக்கிற பெனடிக்ட் சபை மடத்தின் கோயிலை வரைந்தவர் ஹன்ஸ் வான் டெர் லான், அவர் அந்தச் சபையின் துறவியேதான். அதுவும் வெற்றுச் சுவர்தான். அங்கே ஆர்க்கிடெக்ட் வேறு துறவி வேறு என்று பிரிக்கவே முடியாது.

சுரூபமும் மெழுகுவர்த்தியும் திருத்தலத்துக்கு வேண்டும், அதில் மாற்றுக் கருத்து கிடையாது. மடத்தின் கோயில் வேறு. அங்கே அதே இருபது பேர் ஒரு நாளில் பலமுறை அதே இடத்தில் வந்து உட்காருகிறார்கள், காலம் பூரா. திருப்புகழ்மாலை என்கிற சங்கீத செபத்தை இரண்டு பக்கமும் மாறிமாறிச் சொல்கிறார்கள். தினம் பலமுறை பார்க்கிற சுவரில் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று அங்கே வாழ்ந்தால் தெரியும். வண்ணமும் படமும் முதல் மாதம் கண்ணை நிறைக்கும், அப்புறம் கண் அதைப் பார்ப்பதையே விட்டுவிடும். வெளிச்சம் மட்டும் காலையில் ஒன்றாகவும் சாயங்காலம் ஒன்றாகவும் இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லா துரெத்தின் நிலவறையில் சரிவோடு படிப்படியாக இறங்குகிற ஏழு பலிபீடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குருவும் தினமும் தனித்தனியே பூசை வைக்க வேண்டும் என்பது அந்தக் கால வழக்கம், அதற்காகக் கட்டியது. கட்டி முடித்த சில வருடங்களிலேயே கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குருக்கள் சேர்ந்து ஒரே பூசை வைக்கிற கூட்டுத்திருப்பலிக்கு வழிவிட்டது, ஏழு பீடமும் வேலையில்லாமல் போயின. நூறு அறை கட்டினார்கள், படிக்க வருகிற இளம் துறவிகள் குறைந்துபோய் இன்று ஒரு சிறு குழுதான் அங்கே வாழ்கிறது, மற்ற அறைகளில் விருந்தினர்களும் கட்டடக்கலை மாணவர்களும் வந்து தங்குகிறார்கள். கட்டடம் அதைத் தாங்கியது, காரணம் அறைகள் ஒரே அளவு, யார் வேண்டுமானாலும் இருக்கலாம். உங்கள் இருபது அறைகளும் எட்டு சிஸ்டர்களோடு நடக்கிற ஒரு காலம் வரலாம், அப்போது மீதி அறைகளை விருந்தினர் பக்கமாகத் திருப்ப முடிகிற மாதிரி வழி வையுங்கள்.

மௌனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் இருந்த இடத்தில் மௌன நேரம் என்று அட்டவணையில் இருக்கும், ஆனால் கோயிலில் ஆறு மின்விசிறி ஓடும், ஒன்று டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், நடையில் டைல்ஸ் தரை, பிளாஸ்டிக் நாற்காலியை யாராவது இழுத்தால் மூன்று மாடிக்கும் கேட்கும். விசிறியை நிறுத்தினால் வேர்த்து ஊற்றும், செபத்தில் மனசு நிற்காது. நம்ம ஊரில் காற்று வராத கட்டடத்தில் மௌனமும் இருக்காது. லா துரெத்தில் வெளிச்சம் செய்த வேலையை இங்கே காற்றுதான் செய்ய வேண்டும். உங்கள் பிளானை அந்தக் கண்ணோடு ஒரு தடவை பாருங்கள், பாதி அறைகள் மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

லூர்து_பெரம்பூர்

கோயில் வேறு, மடத்துக் கோயில் வேறு என்றது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் தோட்டத்தில் குகை மாதிரிச் சின்னதாக ஒரு மாதா கெபியாவது வையுங்கள் தங்கச்சி.

புதுவை_பஸ்

தாழ்வாரம் சொன்னதுக்கு நேர் பதில் பாண்டிச்சேரியில் நின்றுகொண்டிருக்கிறது, இத்தனை பேர் எழுதியும் யாரும் பெயரைச் சொல்லவில்லையே! கோல்கோண்ட். அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி. லா துரெத்துக்கு முன்னால் கட்டியது, லெ கொர்பூசியே சண்டிகர் நகரத்தை வடிவமைக்க வருவதற்கும் முன்னால், 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கி 1940களில் முடிந்தது. யோக சாதனை செய்கிற சாதகர்கள் தங்குவதற்கென்றே வெற்றுக் கான்கிரீட்டில் கட்டிய இடம், உங்கள் தீசிஸுக்கு இதைவிடப் பொருத்தமாக இந்தியாவில் வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

வரைந்தவர் அந்தோனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்தவர், அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டோடு டோக்கியோவில் வேலை பார்த்து அங்கேயே அலுவலகம் வைத்தவர். தளத்தில் நின்று கட்டியவர்களில் ஜார்ஜ் நகாஷிமா ஒருவர், ஜப்பானிய அமெரிக்கர், வேலைக்கு வந்தவர் ஆசிரமத்திலேயே சேர்ந்து சுந்தரானந்தா என்று பெயரும் பெற்றார். பின்னாளில் மர மேசை நாற்காலிகளுக்காக உலகப்புகழ் பெற்றவர் அவரேதான். இன்னொருவர் பிரான்திசெக் சாம்மர், பாரிஸில் லெ கொர்பூசியேயிடம் வேலை பார்த்தவர். பணம் ஹைதராபாத் நிஜாமிடமிருந்து திவான் அக்பர் ஹைதரி மூலம் வந்தது, அதனால்தான் கோல்கொண்டா வைரச் சுரங்கத்தின் பெயர். வேலையில் பெரும்பகுதியைச் சாதகர்களே செய்தார்கள், ஆசிரமத்தின் அன்னை கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். கைப்பிடி, கொண்டி போன்ற பித்தளைச் சாமான்களை அடியார்கள் கொடுத்த பாத்திரங்களை உருக்கி ஆசிரமப் பட்டறையிலேயே வார்த்திருக்கிறார்கள்.

கட்டடம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்களுக்கு இதுதான் தேவை. நீளவாக்கில் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, அகலமான முகங்கள் வடக்கும் தெற்கும். நடை வடக்குப் பக்கம், அறைகள் தெற்குப் பக்கம், ஒரு வரிசை மட்டும். வெளிப்பக்கத்தில் சுவர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, தரையிலிருந்து கூரை வரை திருப்பிக்கொள்ளக்கூடிய பெரிய படுக்கை லூவர்கள், அதாவது சாய்த்துத் திறக்கிற பலகைகள். கைப்பிடியைத் திருப்பினால் ஒரு வரிசை முழுக்கச் சாயும், வெயில் நிற்கும், காற்று வரும். அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்குச் சறுக்குக் கதவு, அதில் சட்டங்கள் முன்னும் பின்னுமாக மாற்றி அடித்திருக்கும், அதனால் உள்ளே இருப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், காற்று மட்டும் தாண்டிப் போய்விடும். கதவைச் சாத்தினாலும் அறை சாத்தப்படுவதில்லை. கூரையும் இரட்டை, கான்கிரீட் தளத்தின் மேல் வளைவான முன்வார்ப்பு ஓடுகள், நடுவில் காற்று ஓட இடம். வெயில் மேல் ஓட்டைச் சுடும், கீழ்த்தளத்துக்கு வராது.

விசிறி இல்லாமல் மே மாதத்தைத் தாண்டுகிற கட்டடம் அது. உள்ளே நின்றால் லூவர் வழியே தோட்டத்து இலை அசைவு கேட்கும், பக்கத்து அறையில் ஆள் இருப்பதே தெரியாது. தரை கறுப்புக் கல், பளபளவென்று, வெறுங்காலில் நடந்தால் குளிரும். உட்சுவர்களில் நம்ம பழைய வீடுகளில் இருக்கிற மாதிரி வழுவழுப்பான வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. லூர்து அண்ணன் சொன்ன முதுகில் குத்துகிற பிரச்சினை அங்கே கிடையாது.

ஆட்கள் வாழ்கிற இடம், சுற்றுலாத்தலம் இல்லை. ஆசிரமத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள், கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள், ஸ்கெட்ச் புத்தகம் போதும். மதியம் போனால் லூவர் எந்த முகத்தில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பிகவர்

ஸ்ட்ரக்சுரல் வேலை பார்க்கிறேன், கடற்கரைச் சாலையில் நிறைய வீடுகளுக்கு ரிப்பேர் செய்திருக்கிறேன். கலை விஷயத்தை விட்டுவிடுகிறேன், கான்கிரீட்டை மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைப் பற்றி ஏற்கெனவே முடிவானது போலப் பேசிக்கொண்டு போகிறீர்கள்.

கடலோரத்தில் கான்கிரீட் தானாக நிற்காது. காற்றில் வருகிற உப்பு மெதுவாக உள்ளே இறங்கும், கம்பியைத் தொட்டதும் துரு, துரு பிடித்த கம்பி பருக்கும், மேல் கான்கிரீட் வெடித்துப் பத்தை பத்தையாக விழும். பெசன்ட் நகரிலும் நீலாங்கரையிலும் பழைய சன்ஷேடுகளுக்கு அடியில் நின்று பாருங்கள், கம்பி வெளியே தெரியும். பூச்சு இருந்தால் அது கொஞ்ச காலம் தாங்கிக்கொள்ளும். வெற்றுக் கான்கிரீட்டில் அந்தத் தயவு கிடையாது, கம்பிக்கு வெளியே இருக்கிற கான்கிரீட், அதைக் கவர் என்போம், அதுதான் ஒரே காப்பு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்துகிறது: கவர் 45 மில்லிமீட்டர், எம் 30 என்கிற வலிமைத் தரத்தில் கான்கிரீட், தண்ணீர் சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக்கூடாது. கடல் சாரல் நேரே அடிக்கிற இடம் என்றால் கவர் 50, எம் 35. லா துரெத்தில் இருக்கிற ஒல்லியான பட்டைகளை உங்கள் தளத்தில் அப்படியே போட்டால் இந்தக் கவர் கொடுக்க இடமே இருக்காது. இத்தனைக்கும் அது கடலை விட்டு எவ்வளவோ உள்ளே இருக்கிற ஊர், அங்கேயே 2006இலிருந்து 2013 வரை பெரிய அளவில் சீரமைப்பு வேலை பார்க்க வேண்டி வந்தது. ஒல்லியாக வேண்டும் என்கிற இடத்தில் தேக்கோ கல்லோ போடுங்கள், கான்கிரீட்டைத் தடித்த இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்த சிமென்ட் உப்புக்கு நல்லது, அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

வெற்றுக் கான்கிரீட் என்றால் செலவு மிச்சம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். பூச்சு வேலை மிச்சம், மற்ற எல்லாம் கூடுதல். ஷட்டரிங் பலகை இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகினால் அந்த இடம் ஓட்டை ஓட்டையாகத் தேன்கூடாகிவிடும், வைப்ரேட்டரை ஒழுங்காக விடாவிட்டாலும் அப்படித்தான், அப்புறம் சிமென்ட் பாலைத் தடவி மூடினால் அந்தத் தழும்பு கட்டடம் இருக்கிற வரை தெரியும். சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நம்ம வெயிலில் ஒரு மத்தியானம் காய விட்டால் மயிரிழை விரிசல் விழுந்துவிடும். மேஸ்திரிக்கு முதலில் ஒரு மாதிரிச் சுவர் போடச் சொல்லி, பார்த்துவிட்டுத்தான் நிஜ வேலையைத் தொடங்குவோம். ஐப்பசி கார்த்திகை மழைக்கப்புறம் சுவரெல்லாம் கறுப்புப் பாசி படியும். சன்ஷேடு, கைப்பிடிச் சுவர் எல்லாவற்றுக்கும் அடியில் தண்ணீர் சொட்டுகிற காடி விடுங்கள், அப்போதுதான் தண்ணீர் சுவரில் வழியாது.

வெயில் கணக்கு ஒன்று. மேலே புதுவை பஸ் வடக்கு முகத்துக்கும் லூவர் என்றார், அது அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், அதாவது அக்னி நட்சத்திரம் முழுக்க வடக்கு முகம்தான் வெயில் வாங்கும். ஐரோப்பியப் புத்தகத்தைப் பார்த்து வடக்கை நிழல் பக்கம் என்று விட்டுவிடுகிற மாணவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். லா துரெத்தின் உணவறை மேற்கே பார்க்கிறது, அங்கே அது அழகு. இங்கே மேற்கே அறை வைத்தால் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். குளியலறை, மாடிப்படி, ஸ்டோர் ரூமை மேற்கே தள்ளுங்கள்.

உயரம் 2.26 மீட்டர் என்று மாடவீதி எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், தேசியக் கட்டட விதித்தொகுப்புப்படி ஆள் வசிக்கிற அறைக்கு இங்கே 2.75 வேண்டும். சாலைக்கும் கடலுக்கும் நடுவே என்றால் சி.ஆர்.இசட், அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கோட்டையும் தளப்படத்தில் குறித்துக் காட்டுங்கள், ரிவ்யூவில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

வரைபலகை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. லூர்து அண்ணா, ஒரு கார்மேல் மடத்தில் கம்பித்தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மதர் சுப்பீரியரோடு பேசினேன். அவர் கேட்டது இரண்டுதான்: மழையில் நனையாமல் விடியற்காலை கோயிலுக்கு வர வழி, உடம்புக்கு முடியாத வயதான சிஸ்டர் கட்டிலில் படுத்தபடியே பூசையைக் கேட்க ஒரு ஜன்னல். அலங்காரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஜன்னலை ஏற்கெனவே வரைந்துவிட்டேன், நோயாளி அறையும் கோயிலும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. கெபிக்கும் இடம் இருக்கிறது.

பிளானில் இப்போது இரண்டு பக்கமும் அறை, நடுவில் நடை என்று இருக்கிறது. அதை உடைத்து ஒரே வரிசையாக்கி, நடையை வடக்கே கொண்டுபோகப் போகிறேன். கட்டடம் நீண்டுவிடும், ஆனால் நடுவில் முற்றம் கிடைக்கும். ஒரு சந்தேகம் மட்டும். கோல்கோண்ட் லூவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் என்று படித்தேன். இப்போது அதற்குப் பதிலாக எதைப் போடலாம்? வடகிழக்கு மழை சாய்வாக அடிக்கும்போது லூவருக்குள் தண்ணீர் வராதா?

கம்பிகவர்

ஆஸ்பெஸ்டாஸைத் தொடவே வேண்டாம், அதன் தூள் நுரையீரலுக்கு ஆபத்து. தேக்கு போடலாம், எண்ணெய் தடவிப் பராமரிக்க ஆள் இருந்தால் கடலோரத்தில் நன்றாக நிற்கும், மடத்தில் கைகளுக்குக் குறைவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத ஃபைபர் சிமென்ட் பலகையும் கிடைக்கிறது, அகலம் கூடினால் நடுவில் தொய்யும், தாங்கு கொடுக்க வேண்டும். இரும்பு ஃபிரேம் எதிலும் வேண்டாம். சுழல் ஊசிக்குப் பித்தளையோ 316 ரக எவர்சில்வரோ போடுங்கள், 304 ரகம் உப்பில் புள்ளி புள்ளியாகத் துரு வாங்கும்.

புதுவை_பஸ்

சாய்மழைக்கு லூவரை இறுக்கிச் சாத்தினாலும் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். லூவருக்கும் அறைக்கும் நடுவே ஒரு மூன்றடி கல் தளம் விடுங்கள், வெளிப்பக்கம் லேசான வாட்டம், ஓரத்தில் ஒரு காடி. வடக்குப் பக்கம் நடை இருப்பதால் மழை முதலில் நடையைத்தான் தொடும், அறைக்குள் வராது. நடைத் தளத்தில் மெருகேற்றிய கல் வேண்டாம், விடியற்காலை இருட்டில் வயதானவர்கள் ஈரத்தில் வழுக்கிவிடுவார்கள். கொத்துப்போட்ட கடப்பா கல் போதும். செக்ஷன் (வெட்டுப்படம்) போட்டதும் இங்கேயே ஏற்றுங்கள், லூவரின் சாய்வைப் பார்த்துச் சொல்கிறேன்.